டீச்சரக்காவின் உடன்படிக்கை

கால்காரர் என்றால் அந்த ஊர்க் கிறிஸ்தவ சபையில் எல்லோருக்கும் தெரியும். செயற்கைக் கால் செய்கிறவர். பெரிய ஆஸ்பத்திரியின் பின்புறத்தில், சலவைக் கூடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே அவருடைய பட்டறை. இருபத்து மூன்று வருடங்களில் எழுநூற்றுச் சொச்சம் பேர் அங்கே சக்கர நாற்காலியில் வந்து, நடந்து வெளியே போயிருக்கிறார்கள். இந்தக் கணக்கை அவர் தானாக யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. யாராவது கேட்டுவிட்டால் மட்டும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சொல்வார்.

தெருவில் யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், நடையைத்தான் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "மாப்பிள்ளை நல்ல பையன்தான், வலது குதிகாலைத்தான் லேசா இழுக்கிறான்" என்று சொல்கிற ஆள். "உங்க கர்வத்துக்கும் ரெண்டு கால் மாட்டி விடுங்க, அது தனியா ஊர் சுத்திட்டு வரட்டும்" என்பார் அவர் மனைவி.

அப்படிப்பட்டவரின் சொந்த வீட்டில், அவர் கண்ணெதிரிலேயே, போன ஜூன் மாதம் ஒரு கால் போனது. அவருடைய அக்காவின் இடது கால்.

அக்காவை எல்லோரும் டீச்சரக்கா என்பார்கள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் சிறுவர் வகுப்பும் அவர் கையில்தான், இருபத்தைந்து வருடங்களாக. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடி அறையில் இருக்கிறார். சபையில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். சர்க்கரை வியாதி பல வருடமாக உண்டு. புது ஷூ கடித்து ஒரு கொப்புளம் வந்தது. மறுபரீட்சைத் தாள் திருத்தி முடியட்டும் என்று அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். தாள்கள் திருத்தி முடிந்த அன்று காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் டாக்டர்கள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஊரார் நடையையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற கால்காரர், ஒன்பது நாள் தன் வீட்டுப் படியில் அக்கா நொண்டி ஏறியதைப் பார்க்கவில்லை. அது அவரை அறுத்தது. ஆனால் மனிதனுக்குத் தன்னையே திட்டிக்கொள்வது ரொம்ப நாள் தாங்காது. வேறு யாரையாவது திட்ட வேண்டும். கால்காரர் கடவுளைத் திட்ட ஆரம்பித்தார். அதற்குத் தோதாக ஒரு அட்டையும் கிடைத்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். வருடத்தின் முதல் நாள் காலை ஆராதனையில், முன்னால் ஒரு மரப்பெட்டி வைப்பார்கள். அதில் நூற்றுக்கணக்கான சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம். வரிசை வரிசையாக எழுந்து போய், கண்ணை மூடி ஒன்றை எடுத்து, அங்கேயே சத்தமாக வாசிக்க வேண்டும். அந்த வருடம் முழுக்க அதுதான் அவருக்குக் கடவுள் கொடுத்த வார்த்தை. ஒருவருக்காக இன்னொருவர் எடுக்கக் கூடாது. போன வருடம் டீச்சரக்கா எடுத்த அட்டையில், எந்தத் தீங்கும் உன்னை அணுகாது என்ற பொருளில் ஒரு வசனம். கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி கணீரென்று வாசித்தார். ஆறாவது மாதம் கால் போனது.

அதற்குப் பிறகு கால்காரர் ஆராதனைக்குப் போகவில்லை. டீச்சரக்காவும் போகவில்லை. ஆனால் அவர் காரணம் வேறு. "தள்ளு வண்டியில என்னை யாரும் உள்ள தள்ளிட்டுப் போக வேண்டாம். என்னைக்கு நடக்கிறேனோ அன்னைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டார். சபையார் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். அந்த அட்டையைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அது அக்காவின் கைப்பையில் பத்திரமாக இருந்தது.

புண் ஆறி, வீக்கம் வற்றி, அளவெடுக்கிற நிலைமை வர டிசம்பர் ஆகிவிட்டது. கால்காரர் தன் தொழிலில் கற்ற வித்தை அத்தனையையும் அந்த ஒரு காலில் இறக்கினார். மாவுக்கட்டு போட்டு எடுத்த அச்சை மூன்று தடவை உடைத்து மூன்று தடவை புதிதாக எடுத்தார். அக்காவின் மீதிக் கால் போய் உட்காரும் குழியை உள்ளங்கையால் தடவித் தடவி வழவழப்பாக்கினார். ஷூ கடித்துத்தானே எல்லாம் வந்தது என்று ஆறு கடை ஏறி இறங்கி, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கினார். ஒரு விரல் உயரக் குதிகால் வைத்தது. அந்த ஷூவுக்கு ஏற்ற மாதிரி பாதத்தைச் சாய்த்து, திருகு முடுக்கி நிறுத்தினார்.

பட்டறையில் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைத்த ஒரு நடைபாதை உண்டு. முதல் நாள் அதன் நடுவில் நின்றபடி டீச்சரக்கா கேட்டார்.

"புது வருஷ ஆராதனைக்கு நீ வர்றியா?"

"உன்னைக் கொண்டு வந்து விடுறேன். முடிஞ்சதும் கூட்டிட்டு வர்றேன்."

"நான் அதைக் கேக்கல. உள்ள வந்து உக்காந்து, எல்லாரையும் மாதிரி ஒரு கார்டு எடுப்பியா?"

"அந்தக் கார்டு சமாச்சாரமே வேண்டாம்கா." குனிந்து பாதத்தைச் சரிபார்க்கிற சாக்கில் அவர் முகத்தை மறைத்துக்கொண்டார். "போன வருஷம் உனக்கு வந்த கார்டுக்கு இந்த இரும்புக் குழாய்தான் பதிலா? அதை வச்சுக்கிட்டு நீ எப்படித்தான் ஜெபம் பண்றியோ."

அவர் மனைவி, மதியச் சாப்பாட்டுக் கூடையோடு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். டீச்சரக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் வருவது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்று அவர் கோபப்படவில்லை.

"சரி, ஒண்ணு செய்வோம். அன்னைக்கு நான் என் பெஞ்சிலேருந்து அந்தப் பெட்டி வரைக்கும் நடக்கிறேன். கம்பு கிடையாது, யார் கையையும் பிடிக்க மாட்டேன். நடந்துட்டேன்னா நீயும் வந்து எடுக்கணும்."

கால்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பெஞ்சிலிருந்து பெட்டிக்கு முப்பத்து நாலு அடி நடை இருக்கும். கையில் இருப்பது மூன்று வாரம். அவருடைய எழுநூற்றுச் சொச்சம் பேரில், மூன்று வாரத்தில் கம்பை விட்டவர்கள் நாலைந்து பேர், அவர்களும் இளவட்டங்கள். ஐம்பத்தெட்டு வயசில் நடக்கிற காரியமா இது. முடியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் முடியாது என்றால் அவர் செய்த கால் சரியில்லை என்று அர்த்தமாகிவிடும். வசமாக மாட்டிக்கொண்டார்.

"எடுக்கிறேன்" என்றார்.

"என்ன அண்ணி, பந்தயமா?" என்றார் மனைவி.

"பந்தயம் கட்டுறது பாவம். இது உடன்படிக்கை" என்றார் டீச்சரக்கா.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பயிற்சி. கம்பியைப் பிடித்து நடந்தார், ஒரு கையை விட்டு நடந்தார், பிறகு கம்பிக்கு மேலே கைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். காலைப் பற்றி நினைத்தால் கால் தடுமாறியது. அதனால் மனசை வேறு எங்காவது கட்டிப்போட பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு நடந்தார். ஓர் அடிக்கு ஒரு வரி. பதினேழு பதினேழு இருநூற்று எண்பத்தொன்பது வரை இரண்டு முறை சொன்னால் சரியாக முப்பத்து நாலு அடி. மீதிக் காலில் தோல் சிவந்து, வலி உச்சந்தலைக்கு ஏறிய நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் வாய்ப்பாடு பட்டறைக்கு வெளியே சலவைக் கூடம் வரைக்கும் கேட்டது. டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி கம்பு இல்லாமல் பட்டறையைக் குறுக்காகக் கடந்து, சுவரைத் தொட்டுத் திரும்பி வந்து நின்றார். வேலை செய்துகொண்டிருந்த நாலு பேரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். கால்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடன்படிக்கையில் தோற்கப் போகிறோம் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

வருடத்தின் முதல் நாள் காலை ஏழரை மணிக்கு மூன்று பேரும் வண்டியிலிருந்து இறங்கினார்கள். டீச்சரக்கா நீலப் புடவை கட்டி, கறுப்பு ஷூ போட்டு, கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். கால்காரர் வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்துப் போட்டிருந்தார். வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள். யார் கையையும் தொடாமல் மூன்று படி ஏறி, டீச்சரக்கா ஆலயத்தின் முன்கூடத்துக்குள் வந்தார். சிலருக்குக் கண் கலங்கியது. கால்காரர் பின்னால் இரண்டடி தள்ளி, ஒரு ராஜாவின் சேனாபதி மாதிரி நடந்து வந்தார்.

முன்கூடத்தில், உள்ளே போகும் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு வைக்கும் பலகைத் தட்டுகள் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நின்றார்கள்.

உள்ளே தரை முழுவதும் கம்பளம். பன்னிரண்டு வருடம் முன்னால் சபையார் எல்லோரும் சேர்ந்து போட்டது. அது போட்ட வாரமே, செருப்பு ஷூ எதுவும் உள்ளே வரக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. சட்டத்தைக் கொண்டுவந்தவர் டீச்சரக்கா. அதை மீறியவர்களை வாசலில் நிற்க வைத்தவரும் அவர்தான். கால்காரரோ பதினோரு வருடம் அந்தச் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் கொடுத்தவர். ஆறு மாதம் வராமல் இருந்ததில் இரண்டு பேருக்கும் அது சுத்தமாக மறந்துபோயிற்று. மூன்று வாரப் பயிற்சியும் ஷூவோடுதான் நடந்திருந்தது.

"கழட்டித்தான் பாப்போமே" என்றார் டீச்சரக்கா.

மர நாற்காலியில் உட்கார்ந்து ஷூக்களைக் கழற்றினார். வலது காலில் காலுறை, இடப்பக்கம் பழுப்பு நிற ரப்பர் பாதம். எழுந்து நின்றதுதான் தாமதம், பின்பக்கம் யாரோ இழுத்த மாதிரி சாய்ந்தார். மனைவி முதுகில் கை கொடுத்துத் தாங்கி உட்கார வைத்தார். குதிகால் உயரம் போனதும் பாதம் தட்டையாகி, மேலே இருந்த குழாய் பின்னுக்குச் சாய்ந்துவிட்டது. இப்படியே நடந்தால் பத்தடியில் விழுவார். இதைச் சொல்லக் கால்காரருக்கு அளவுகோல் வேண்டியதில்லை.

சபையை நடத்துகிறவர்களில் ஒருவரான மூப்பர் ஓடி வந்தார். வழுக்கை விழுந்த ஆள், மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. ஆனாலும் டீச்சரக்கா முன்னால் வந்தால் தானாகவே கையைக் கட்டிக்கொள்வார், அவரிடம் படித்தவர்.

"டீச்சர், நீங்க ஷூவோடயே வாங்க. ஆண்டவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"ஆண்டவர் சொல்ல மாட்டார். நான் சொல்வேன். உன்னை எத்தனை தடவை இதுக்காக வெளிய நிக்க வச்சிருக்கேன்?"

"நாலு தடவை, டீச்சர்."

"அப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் ஷூவோட உள்ள போறது?"

"அப்படின்னா பெட்டியை உங்க பெஞ்சுக்கே கொண்டு வர்றேன்."

"வேண்டாம்பா. நீ போ, பாட்டு ஆரம்பிக்கப் போறாங்க."

மூப்பர் மனசில்லாமல் போனார். உள்ளே முதல் பாட்டு தொடங்கியது. டீச்சரக்கா தம்பியை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு களைப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில்கூட அவர் அதை வெளியே காட்டியதில்லை.

"நம்ம உடன்படிக்கையில ஷூ பத்தி எதுவும் பேசல. அதனால நீ தப்பு பண்ணல, நானும் பண்ணல. இன்னைக்கு நான் பெஞ்சிலேயே உக்காந்துக்கிறேன். நீ வெளிய போய் வண்டியில இரு. உன்னைக் கேக்க மாட்டேன்."

ஆக, கால்காரர் தப்பித்தார். கௌரவத்துக்கும் குறைச்சல் இல்லை, யாரும் ஒரு குறை சொல்லப் போவதில்லை. அவர் செய்ய வேண்டியதெல்லாம் சரிக்கா என்று சொல்லிவிட்டு மூன்று படி இறங்குவதுதான். அவர் அக்காவைப் பார்த்தார். உட்கார்ந்துக்கிறேன் என்று அக்கா சொல்லி அவர் வாழ்க்கையில் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வார்த்தை அவருக்குத் தாங்கவில்லை.

கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, அவற்றோடு அதே வளையத்தில் எப்போதும் தொங்குகிற, திருகு முடுக்கும் ஒரு சின்ன ஆலன் கீ. கல்யாணத்தன்றுகூட அது அவர் பையில் இருந்தது என்று மனைவி இன்றைக்கும் குத்திக் காட்டுவார்.

"காலை நீட்டு" என்றார்.

புடவை ஓரத்தை மனைவி பிடித்துக்கொள்ள, கால்காரர் தரையில் மண்டி போட்டார். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பக்கமும் நாலு திருகு. ஒன்றைத் தளர்த்தி எதிர்ப் பக்கத்தில் இருப்பதை முடுக்கினால் குழாய் சாய்மானம் மாறும். பட்டறையில் என்றால் சுவரில் ஒளிக்கோடு விழும், அளவுப் பலகை இருக்கும், அரை நாள் நிதானமாகச் செய்வார். இங்கே அவர் கண்ணும் கையும்தான். ஒரு சுற்று திருப்பினார். "நில்லு." மனைவி தாங்க, டீச்சரக்கா நின்றார். போதவில்லை. கொஞ்சம் கூட்டினார். "நில்லு." இப்போது முன்னால் தள்ளியது. கொஞ்சம் குறைத்தார்.

குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான். தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையோடு கால்காரர் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடுகள்மேல் வைத்தார். தாமதமாக வந்த ஒரு தம்பதி, ஆறு மாதம் சபைக்கு வராத மனிதர் முன்கூடத்தில் முகங்குப்புற விழுந்து கிடப்பதைக் கண்டு, ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்து, நுனிக்காலில் சத்தமில்லாமல் சுற்றிப் போனார்கள்.

ஜெபமா அது என்று அவருக்கே தெரியவில்லை. கன்னத்தில் தரை சில்லென்றிருந்தது. கண்ணுக்கு அருகில் அக்காவின் இரண்டு பாதங்கள், ஒன்று கடவுள் செய்தது, ஒன்று அவர் செய்தது. நான் பார்த்திருக்க வேண்டும் என்று மனசு சொல்லியது. ஒன்பது நாள் படி ஏறினாள், நான் பார்த்திருக்க வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து கடவுள்மேல் போட்டு வைத்திருந்த பழி அங்கே, அந்தத் தரையில், யாருடையதோ அவரிடமே திரும்பி வந்தது. அவர் அழவில்லை. "என்னை மன்னிச்சிருங்க" என்று உதடு மட்டும் அசைந்தது. கடவுளிடமா அக்காவிடமா என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

"என்னடா முணுமுணுக்கிறே? சரியா இருக்கா இல்லையா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"கால் சுற்று இன்னும்."

திருப்பினார். பிறகு நாலு திருகையும் ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டு எழுந்தார். டீச்சரக்கா நின்றார். இந்தத் தடவை மனைவியின் கையைத் தானே விலக்கினார். முன்னும் சாயவில்லை, பின்னும் சாயவில்லை. முன்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆறு அடி நடந்து திரும்பினார்.

"உள்ள போகலாம்" என்றார்.

மூன்று பேரும் அக்காவின் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார்கள். போதகர் பிரசங்கம் சுருக்கமாக முடிந்தது. புது வருடத்தைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று கால்காரரைக் கேட்டுப் பயனில்லை, அவர் அந்த நேரம் முழுக்க அக்காவின் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டி முன்னால் வந்தது. வரிசைகள் எழுந்தன. ஒவ்வொருவராகப் போய் எடுத்து, வாசித்து, திரும்பினார்கள். இவர்கள் வரிசையின் முறை வந்ததும் டீச்சரக்கா எழுந்து நின்றார்.

பாட்டு இசைத்துக்கொண்டிருந்தவர் ஏனோ நிறுத்திவிட்டார். கம்பளத்தின் மேல் டீச்சரக்கா நடந்தார். கைகள் இரண்டும் பக்கத்தில். தலை நிமிர்ந்தபடி. உதடுகள் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு அம்மா, "சங்கீதம் சொல்லிக்கிட்டே போறாங்க பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினேழேழு நூற்றுப் பத்தொன்பது என்பது கால்காரருக்கு மட்டும் தெரிந்தது. அவரும் சேர்ந்து சொன்னார். பாதி வழியில் ஒரு தடவை இடது பாதம் கம்பளத்தில் லேசாக உரசியது. சபையே மூச்சை இழுத்தது. டீச்சரக்கா அதே வரியை இன்னொரு தரம் சொல்லிவிட்டு அடுத்த அடியை வைத்தார்.

பெட்டியை அடைந்ததும் கண்ணை மூடி ஓர் அட்டையை எடுத்தார். பயப்பட வேண்டாம் என்று சொல்லும் ஒரு வசனம். வாசித்துவிட்டு, திரும்பாமல் நின்றார். பிறகு கைப்பையைத் திறந்து, மூலை மடங்கிய பழைய அட்டையை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"இது போன வருஷத்து கார்டு. உங்க யாருக்கும் இதைப் பத்திக் கேக்கத் தைரியம் வரல, எனக்குத் தெரியும். தீங்கு எதுவும் என்னை அணுகாதுன்னு இதுல போட்டிருக்கு. என் கால் போச்சு. நிறைய அழுதேன், ராத்திரியெல்லாம் ஆண்டவரோட சண்டை போட்டேன், அவரும் பொறுமையா கேட்டுக்கிட்டாரு. ஆனா ஆறு மாசமா யோசிச்சுப் பாத்தேன். கால்தான் போச்சு, நான் எங்கேயும் போகல. என்னைத் தூக்கி நிறுத்த எங்க வீட்டுக்குள்ளேயே ஒருத்தனை இருபத்து மூணு வருஷமா தயார் பண்ணி வச்சிருந்திருக்காரு. எழுநூறு பேருக்குச் செஞ்சு கை பழகின பிறகுதான் எனக்குச் செய்ய விட்டிருக்காரு. இந்தக் கார்டுல தப்பு இருக்குன்னு என்னால சொல்ல முடியல."

அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு பள்ளிக்கூட வகுப்பில் கரும்பலகைக்கு அழைக்கிற அதே குரலில், "தம்பி, வா" என்றார்.

கால்காரர் எழுந்தார். இரண்டு நல்ல கால் இருந்தும் அந்த முப்பத்து நாலு அடியை நடந்து முடிக்க அவர் அக்காவைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அவருக்கு வாய்ப்பாடும் ஞாபகம் வரவில்லை. வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கத் தரைத் தூசி. பெட்டியை அவர் பக்கம் நகர்த்தும்போது மூப்பரின் கண்கள் சிவந்திருந்தன. திருகு மசகு படிந்த விரலால் ஓர் அட்டையை எடுத்தார். வாசித்துப் பார்த்தார். இன்னொரு தரம் வாசித்தார்.

"சத்தமா" என்றார் டீச்சரக்கா.

அவருடைய ஆடுகளும் மாடுகளும் பெருகும் என்று சொல்லும் வசனம் அது. கால்காரர் வாசித்து முடித்ததும் ஒரு கணம் எல்லோரும் மரியாதைக்குச் சிரிப்பை அடக்கினார்கள்.

"நம்ம வீட்டுல ஒரு பூனைகூட கிடையாதே" என்றார் அவர்.

சபை முழுக்கச் சிரித்தது. போதகரும் சிரித்தார். ஜூன் மாதத்துக்குப் பிறகு கால்காரரும் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் எப்படியோ திசை மாறி, அவர் அட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். டீச்சரக்கா அவர் தோளில் கை வைத்தார். அது சாய்ந்துகொள்ள வைத்த கை இல்லை என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நடக்க, கால்காரர் பின்னால் வந்தார். சீரான நடை. இரண்டு பக்கமும் ஒரே அளவு. தான் பார்த்த எழுநூற்றுச் சொச்சம் நடைகளிலும் இதற்கு ஈடான ஒன்று இல்லை என்று அவர் நினைத்தார். அன்று அது கர்வம் என்று மனைவிகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் கை குலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, டீச்சரக்கா அதே மர நாற்காலியில் உட்கார்ந்து ஷூக்களை எடுத்துப் போட்டார். கால்காரர் கேட்கும் முன்பே மண்டி போட்டு, ஆலன் கீயை எடுத்தார்.

"இப்ப என்ன?"

"ஷூ போட்டாச்சுன்னா பழைய சாய்மானம் வேணும்கா. இல்லேன்னா முன்னால தள்ளும். ஒரு சுத்தும் கால் சுத்தும் திருப்பி வைக்கணும்."

டீச்சரக்கா ஷூவையும் அவர் கையிலிருந்த ஆலன் கீயையும் பார்த்தார். பிறகு, "அப்ப அடுத்த ஞாயிற்றுக்கிழமை?" என்றார்.

"உள்ள போறப்ப ஒரு தடவை, வெளிய வர்றப்ப ஒரு தடவை." சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது. கை நின்றது. "ஒவ்வொரு வாரமும்" என்று மெதுவாக முடித்தார். பிறகு அவசரமாக, "பொத்தானை அமுக்கினா உயரம் மாறுற பாதம் இருக்கு. எழுதிப் போட்டா மூணு மாசத்துல வந்துரும்" என்றார்.

"அதெல்லாம் எதுக்கு? வாசல்ல நீ இருக்கப் போறே."

கால்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, உண்மையைச் சொல்லு. இந்த ஷூ விஷயத்தை நீ நிஜமாவே மறந்தியா?"

"சத்தியமா மறந்துட்டேன்டா" என்றார் டீச்சரக்கா. "மறக்க வச்சது யாருன்னுதான் இப்ப யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

கால்காரர் குனிந்து திருகைத் திருப்பினார். ஒரு சுற்று, பிறகு கால் சுற்று.